பூட்டிக் கிடக்கும் வளவுக்கு உருத்துக்காரர் யார்?

பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு என்று குறிகட்டுவான் துறை வரை போகும் வீதியின் இரு பக்கமும் ஆளற்ற வளவுகள். ஓடு சரிந்த வீடு, தூர்ந்த கிணறு, முற்றத்தில் தன்பாட்டில் எழும்பிய வேம்பு. ஆற்றை காணி என்று அயலில் கேட்டால், "அவை கனடாவிலை" என்பார்கள். காணி வாங்கிப்போட வரும் சிலர் அதை உருத்துக்காரர் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அநியாயம் அங்கேதான் தொடங்குகிறது. 1990, 1991 இராணுவ நடவடிக்கைகளின்போது வீட்டை விட்டுப் போனவர்கள் உருத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

வாங்க நினைப்பவரின் முதல் வேலை தோம்பு, அதாவது காணிப் பதிவேடு, பார்ப்பது. உறுதியிலுள்ள பதிவு இலக்கத்தை யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் கொடுத்தால், அந்தக் காணியில் பதிந்த கைமாற்றம், ஈடு, வழக்கு எல்லாம் வரிசையாகத் தெரியும். ஆனால் 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டத்தின்படி பதியப்படுவது உறுதிதான். எழுதிக் கொடுத்தவருக்கு உண்மையில் உரித்து இருந்ததா என்று பதிவகம் ஆராய்வதில்லை. உறுதி எழுதாமல் இறந்தவரின் காணி பிள்ளைகளுக்கு இறங்கிவிடும். தோம்பில் மட்டும் பாட்டனின் பெயரே நிற்கும்.

பழைய உறுதியொன்றை விரித்துக் கடைசி வரி வரை வாசியுங்கள். காணிக்கென்று ஒரு பெயர், பெரும்பாலும் ஏதோவொரு மரத்தடி. பரப்பும் குழியுமாக அளவு. 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். நாலு எல்லையிலும் அந்தக் காலத்து அயலவர் பெயர்கள். முடிவில், பிரிவுபடாத எட்டிலொரு பங்கு, கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் உரித்து. நல்ல தண்ணீருக்குத் தவிக்கும் தீவுகளில் அந்தக் கிணற்றுப் பங்கு சின்ன விஷயமல்ல. மற்ற ஏழு பங்கும் யாரிடம்? நெடுந்தீவில் பவளக்கல் மதில்கள் எல்லையைத் தெளிவாகக் காட்டும். மதிலுக்குள் எத்தனை பங்காளர் என்பதை உறுதிகளைக் கோத்துப் பார்த்துத்தான் அறியலாம்.

தேசவழமை இன்னொரு சிக்கல். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த இந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காணி முதுசமா, சீதனமா, தேடிய தேட்டமா என்பதைப் பொறுத்து அது இறங்கும் வழி மாறும். மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்ற விதியும் உண்டு. பெண்ணின் உடைமைக்குப் பூட்டுப் போடும் அந்த விதி எப்போதோ போயிருக்க வேண்டும். கூட்டுப் பங்காளருக்கும் வாரிசுகளுக்கும் முதலில் வாங்கும் உரிமையை 1947ஆம் ஆண்டுச் சட்டம் கொடுக்கிறது. அவர்களுக்கு அறிவிக்காமல் முடித்த உறுதி பிறகு நீதிமன்றத்தில் ஆட்டங்காணலாம்.

பத்து வருஷம் ஆண்டால் காணி ஆண்டவனுக்கே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1871ஆம் ஆண்டின் சட்டம் அப்படி ஒரு வழியைத் திறந்தது உண்மைதான். ஆனால் போரால் உரிமை கோர முடியாமற் போனவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காதிருக்க 2016இல் தனிச்சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஆளில்லாத காணியை உருத்துக்காரர் இல்லாத காணியாக எடுக்கும் தவறை அரசே செய்யப் பார்த்தது. 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியில் வடக்கின் 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோருங்கள், இல்லாவிட்டால் அரச காணி என்று அறிவித்தது. உறுதியைத் தொலைத்துவிட்டு ஐரோப்பாவில் இருக்கும் முதியவர் மூன்று மாதத்தில் என்ன செய்வார்? எதிர்ப்புக் கிளம்பி, உச்ச நீதிமன்றம் ஜூன் இறுதியில் இடைக்காலத் தடை விதித்தது.

உருத்துக்காரரைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமுமல்ல. கிராம அலுவலரைக் கேளுங்கள், கோயில் உபயகாரரைக் கேளுங்கள். புலம்பெயர் நாடுகளில் ஊர்ச் சங்கங்கள் இருக்கின்றன. யாருடைய பிள்ளை எங்கே என்று அவர்களுக்குத் தெரியும். வாங்குபவர் வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவரானால் 2014ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடுக்கும். இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடையில்லை.

விற்க வருபவர் அற்றோர்ணித் தத்துவத்தை நீட்டினால், அதைக் கொடுத்தவரோடு நேரில் அல்லது வீடியோ அழைப்பில் பேசாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். அவர் இறந்திருந்தால் அந்தத் தத்துவம் அன்றோடு முடிந்தது. அடுத்துப் பேச வேண்டியது அவருடைய பிள்ளைகள் எல்லாரோடும்.