கன்னியாகுமரிக்கு நேர் தெற்கே ஒரு பறவை

டீ ஆறுவதற்குள் ஒரு வரைபடத்தை விரித்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரியில் விரலை வைத்து நேர் தெற்கே இழுங்கள். மாலத்தீவு மேற்கே ஒதுங்கிவிடும். நிலநடுக்கோட்டைத் தாண்டியும் வெறும் தண்ணீர்தான். ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் போனபின் விரல் ஒரு சின்னத் தீவில் முட்டும். அதுதான் ஆம்ஸ்டர்டாம் தீவு. பிரான்சுக்குச் சொந்தமானது. ஊர் கிடையாது, ஓர் ஆய்வு நிலையம் மட்டும் உண்டு. உலகிலேயே அந்த ஒரு தீவில் மட்டும் முட்டையிடும் அல்பட்ராஸ் ஒன்று இருக்கிறது. பெயரும் ஆம்ஸ்டர்டாம் அல்பட்ராஸ்தான்.

அதே தீவில் வேறு இரண்டு அல்பட்ராஸ்களும் வாழ்கின்றன. அவற்றைப் பிரித்தறிவது சுலபம். மஞ்சள்மூக்கு அல்பட்ராஸ் சிறியது. கறுத்த அலகின் மேல்விளிம்பில் மஞ்சள் கோடு ஓடும். இன்னொன்று உடல் முழுக்கக் கரி நிறம். நம் பறவையோ மிகப் பெரியது. இறக்கைகளை விரித்தால் மூன்று மீட்டர் அளவுக்கு வரும். முதுகு பழுப்பு, முகம் வெள்ளை, நெஞ்சுக்குக் குறுக்கே பழுப்புப் பட்டை, வயிறு வெள்ளை.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. தென்கடல் முழுக்கச் சுற்றும் 'அலையும் அல்பட்ராஸ்' என்ற பெரிய இனம், இளமையில் கிட்டத்தட்ட இதே உருவத்தில் இருக்கும். அதுவும் பழுப்பு உடல், வெள்ளை முகம்தான். வயது ஏற ஏற அது வெளுத்துக்கொண்டே போகும். அதனால் கடலில் ஒரு பழுப்புப் பறவையைப் பார்த்தவர்கள், அலையும் அல்பட்ராஸின் இளம் பருவம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆம்ஸ்டர்டாம் தீவில் ஆய்வு செய்தவர்களுக்கோ ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது: பழுப்பு இறகோடேயே இவை ஜோடி சேர்ந்து அடைகாத்துக்கொண்டிருந்தன. வெளுக்கக் காத்திருக்கவே இல்லை. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1983இல் இதைத் தனி இனமாக விவரித்தார்கள். அலையும் அல்பட்ராஸின் உள்ளினமாகவே இதை வைக்க வேண்டும் என்ற வாதமும் பிறகு எழுந்தது; இன்று பெரும்பாலோர் தனி இனம் என்றே கொள்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது, ஏனென்றால் காலமும் சாட்சி சொல்கிறது. அலையும் அல்பட்ராஸ் டிசம்பர், ஜனவரியில் முட்டையிடும். இது பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை முட்டையிடும்.

நடுக்கடலில் இறக்கை விரித்துப் போகும் பறவையிடம் இதையெல்லாம் கேட்க முடியாதே. அப்போது அலகைப் பாருங்கள். இளஞ்சிவப்பு அலகு. அதன் மேல்பாதி கீழ்ப்பாதியோடு சேரும் விளிம்பில், வேட்டிக்குக் கரை கட்டியது போல ஒரு கருங்கோடு. நுனியும் பச்சை கலந்து கறுத்திருக்கும். அலையும் அல்பட்ராஸின் அலகில் பொதுவாக இந்தக் கோடு இருக்காது. ஆனால் கோட்டை மட்டும் நம்பியும் ஏமாறக்கூடாது. நியூசிலாந்துப் பக்கத்து ராயல் அல்பட்ராஸுக்கும் கருங்கோடு உண்டு. அதன் உடலோ வெள்ளை. பழுப்பு உடலும் கோடும் ஒரே பறவையில் கூடினால்தான் துணிந்து பெயர் சொல்லலாம்.

ஆம்ஸ்டர்டாம் அல்பட்ராஸ் தேர்ந்தெடுத்த வீடு தீவின் நடுவே, 500, 600 மீட்டர் உயரத்தில், கரிமண் சதுப்பு நிறைந்த ஒரு மேட்டுநிலம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டை, ஒரே ஒரு முட்டை. குஞ்சு பறந்து போக அடுத்த ஜனவரி ஆகிவிடும். போன பிள்ளை பல ஆண்டுகள் கடலிலேயே கிடந்து, பிறகுதான் இதே மேட்டுக்குத் திரும்பும். செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்ததில், இளம் பறவைகள் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கடலிலிருந்து ஆஸ்திரேலியாவின் தெற்குக் கடல்வரை திரிவது தெரிந்தது. அதே தீர்க்கரேகையில் வடக்கே ஏறி நம் குமரிமுனைக்கு வருவதில்லை. இவ்வளவு கனத்த உடலைத் தூக்கிச் செல்லக் காற்று ஓயாமல் வீச வேண்டும். நிலநடுக்கோட்டருகே அது படுத்துவிடும்.

1980களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஐந்து ஜோடி அளவில்தான் அடைகாத்தன. 1871இல் ரியூனியனிலிருந்து குடியேற வந்த ஒருவர் விட்டுப்போன மாடுகள் பெருகி மேட்டுநிலத்தை மிதித்து நாசமாக்கியிருந்தன. மாடுகளுக்கு வேலி போட்டார்கள். 2010 வாக்கில் அவற்றை முழுதும் அகற்றினார்கள். ஜோடிகள் சில பத்துகளாக ஏறியிருக்கின்றன. ஒரு பறவை இறந்தாலும் கணக்கில் தெரியும் எண்ணிக்கை இது. பக்கத்து மஞ்சள்மூக்குக் குஞ்சுகளைக் கொன்றுவரும் கோழிக்காலரா ஒரு பயம். சூரைக்காக விடும் ஆயிரங்கால் தூண்டில் இன்னொன்று: இரையைக் கவ்வப்போகும் பறவை கொக்கியில் மாட்டி நீரில் மூழ்கிவிடும். இரவில் தூண்டில் விடுவது, எடை கட்டி விரைவாக அமிழ்த்துவது, பறவையை விரட்டும் நாடாக்களைப் பின்னால் பறக்கவிடுவது என மூன்று தீர்வுகளும் மலிவானவை. இந்தியாவும் இலங்கையும் உறுப்பினராக உள்ள இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் தென்பகுதிக் கடலுக்கான தன் விதிகளில் இவற்றைச் சேர்த்துமிருக்கிறது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ கப்பல் வேலைக்குப் போனவர் இருப்பார். தென்னாப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே போகும்போது பழுப்பு அல்பட்ராஸ் தென்பட்டால், அலகு தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, தேதியையும் அட்சரேகை, தீர்க்கரேகையையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.