குடும்ப ஆவணப் படிமங்களும் மொழிச்சான்றும்

1. முன்னுரை

கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை ஓலை, சாதகக் குறிப்பு, மொய்க் கணக்கு முதலியன குடும்ப வரலாற்றுக்கு மட்டுமன்றிச் சாமானியரின் எழுத்துவழக்கிற்கும் சான்றாவன. 2004இல் தொடங்கப்பெற்ற பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டம், மூலங்களை நாட்டைவிட்டு அகற்றாது எண்முறைப் படிமங்களை மட்டும் எடுக்கும் நெறியுடையது. அதன் துணையோடு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழகத்து நில ஆவணங்களைப் படிமமாக்கியுள்ளது. இன்று கைப்பேசியைக் கொண்டு குடும்பத்தினரும் இதனைச் செய்கின்றனர். எனினும், ஓசூர் எல்லையை அடுத்த சந்தாபுரா போன்ற இடங்களில் கன்னடமும் ஆங்கிலமும் மட்டுமே பயின்ற தமிழ்க் குடும்பத்து இளையோர்க்குப் பாட்டனாரின் பத்திரப் படிமம் வெறும் ஓவியமே. படிமத்தோடு எவையெல்லாம் காக்கப்பட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. காலக்குறிப்பு

'விய வருஷம் தை மாதம்' என்று மட்டும் உள்ள பத்திரம் 1887ஆம் ஆண்டினதாகவோ 1947ஆம் ஆண்டினதாகவோ இருக்கலாம். அறுபதாண்டுச் சுழற்சி ஐயத்தைத் தீர்ப்பதில்லை. முத்திரைத்தாளில் பொறித்த அரசர் உருவமும், விற்றவர் தாளில் எழுதிய குறிப்புமே காலத்தை வரையறுக்க உதவும். ஆதலின் எழுத்தில்லாததுபோல் தோன்றும் பின்பக்கத்தையும் படிமமாக்குதல் இன்றியமையாதது.

3. படியெடுப்பு

பழைய பத்திரங்களில் 'யெழுதிக் குடுத்த கிறையப் பத்திரம்' என்பது போன்ற எழுத்தமைப்பைக் காணலாம். சொன்முதல் எகரத்தின்முன் யகரம் ஒலித்தமை, ஒகரம் உகரமானமை, ரகர றகர மயக்கம் ஆகிய மூன்றும் இத்தொடரில் புலனாகின்றன. இதனை 'எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரம்' எனத் திருத்திப் படியெடுப்பின் பொருள் எஞ்சும், சான்று அழியும். ஓலையில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. படிப்பவர் சேர்க்கும் புள்ளியை அடைப்புக்குறியால் வேறுபடுத்துதல் வேண்டும்.

எண்களும் இவ்வாறே. மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320 ஆகும். மா என்பது வேலியில் இருபதில் ஒரு பங்காகிய நில அளவையும் குறிக்கும். இவற்றைத் தசமமாக மாற்றும் மொழிபெயர்ப்பாளர் மூலக் குறியையும் உடன் தருதல் வேண்டும். பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடில் இடம்பெற்றமையால் அவற்றைத் தட்டச்சில் விட்டுவிட வேண்டிய நிலை இன்றில்லை.

4. கோப்பு

செய்திச் செயலிவழி அனுப்பப்படும் படம் பெரும்பாலும் சுருக்கப்பட்டே சென்றடைகிறது. மங்கிய மையும் மெல்லிய புள்ளியும் முதலில் மறையும். எனவே முதற்படிமத்தை டிஃப் போன்ற இழப்பற்ற வடிவில் வைத்து, அன்றாடப் பயனுக்கு ஜேபெக் படியை ஆக்கிக்கொள்ளலாம். மூன்று படிகளை இருவகைச் சேமிப்புச் சாதனங்களில் வைத்து, ஒன்றை வேற்றூரில் காத்தல் நன்று.

5. முடிவுரை

படிமம், திருத்தாத படியெடுப்பு, விவரக்குறிப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே காக்கப்பட வேண்டும். கிடைத்த ஊர், ஆவணத்தில் வருவோரின் உறவுமுறை, வட்டாரச் சொற்களின் பொருள் ஆகியவற்றை வீட்டு முதியோரே சொல்லக்கூடும். படிமத்தைப் பின்னர்ச் செம்மைப்படுத்தலாம். அவர்தம் விளக்கத்தைப் பின்னர்ப் பெற இயலாது. ஆதலின் படமெடுக்கும் அன்றே அதனைப் பதிவு செய்தல் வேண்டும்.