கேமரா முன்னால் காலேஜ் வகுப்பு... தொண்டை பத்திரம், முதுகு பத்திரம்!

"சார்... ம்யூட்ல இருக்கீங்க சார்!"

பத்து நிமிஷம் மூச்சு முட்டப் பாடம் நடத்திய பிறகு இந்தக் குரல் வந்தால் எப்படி இருக்கும்? நீங்கள் கல்லூரி ஆசிரியராக இருந்தால் இதைப் படித்ததுமே சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்!

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக கல்லூரிகளை மூடினார்கள். கரும்பலகையும் சாக்பீஸுமாக இருந்தவர்கள் சில வாரங்களில் லேப்டாப் முன்னால் உட்கார வேண்டியதாயிற்று. யாருக்கும் பயிற்சி கிடையாது. தெரிந்த வழி ஒன்றுதான்: வகுப்பில் எதை, எவ்வளவு நேரம் நடத்தினோமோ, அதை அப்படியே கேமரா முன்னால் நடத்துவது. விளைவு? சாயங்காலம் ஆனால் தொண்டை கரகரப்பு, கண் எரிச்சல், கழுத்தில் பிடிப்பு, யாரைப் பார்த்தாலும் கோபம்.

"அதெல்லாம் பழைய கதையாச்சே!" என்கிறீர்களா? இல்லை. யு.ஜி.சி. 2021 மே மாதம் வெளியிட்ட வரைவிலேயே, ஒரு பாடத்தில் 40 சதவிகிதம் வரை ஆன்லைனில் நடத்தலாம் என்ற யோசனை இருந்தது. அஞ்சல் வழி மாணவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, புயல் மழை லீவை ஈடுகட்ட ஒரு வகுப்பு என்று எப்போது வேண்டுமானாலும் நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டி வரலாம். உங்களுக்கு வராவிட்டாலும், உங்கள் மனைவிக்கோ, மருமகளுக்கோ, மகனுக்கோ வரும். அதனால் வீட்டில் எல்லோருமே படியுங்கள்.

உட்கார்ந்துதானே இருக்கிறோம்... ஏன் இவ்வளவு களைப்பு?

நியாயமான கேள்வி. வகுப்பறையில் நின்றுகொண்டே நாலு மணி நேரம் நடத்தியவர், வீட்டில் உட்கார்ந்தபடி ரெண்டு மணி நேரம் நடத்திவிட்டு ஏன் துவண்டு போகிறார்?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் இதற்கு நாலு காரணங்களை எடுத்துச் சொன்னார். ஒன்று, திரையில் எல்லா முகங்களும் மிக அருகில் நம்மையே வெறித்துப் பார்ப்பது போன்ற உணர்வு. இரண்டு, தலையாட்டல், புருவம், கையசைவு எதையும் சரியாகப் பார்க்க முடியாததால் மூளைக்கு இரட்டை வேலை. மூன்று, நம் முகத்தையே நாள் முழுக்கக் கண்ணாடி போலப் பார்த்துக்கொண்டிருப்பது. நான்கு, நகராமல் ஒரே இடத்தில் இருப்பது.

இதில் மூன்றாவதற்கு வைத்தியம் ரொம்ப சுலபம். பெரும்பாலான வீடியோ வகுப்பு செயலிகளில் உங்கள் முகத்தை உங்களுக்கு மட்டும் மறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. மாணவர்களுக்குத் தெரிவீர்கள், உங்களுக்குத் தெரிய மாட்டீர்கள். இன்றைக்கே செய்து பாருங்கள்.

முதல் வைத்தியம்: வகுப்பை உடையுங்கள்!

மருந்து மாத்திரைக்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான். 50 நிமிஷ வகுப்பை அப்படியே தூக்கி கேமரா முன்னால் வைக்காதீர்கள். மாணவனுக்கும் தாங்காது, உங்கள் உடம்புக்கும் தாங்காது.

2014-ல் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் கல்வி அமைப்பின் பாட வீடியோக்களை மாணவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் ஊன்றிப் பார்ப்பது சராசரியாக 6 நிமிஷம்தான் என்று தெரிந்தது. நீங்கள் மிச்ச நேரமெல்லாம் தொண்டை கிழியப் பேசுவது யாருக்காக?

"அப்படின்னா சிலபஸ் எப்படி சார் முடியும்?" என்று கேட்பீர்கள். நம் ஊர் வகுப்புகளில் நேரத்தை விழுங்குவது எது என்று யோசியுங்கள். நோட்ஸ் சொல்லி எழுத வைப்பது! ஒவ்வொரு வரியையும் ரெண்டு தடவை சொல்ல வேண்டும், பின் பெஞ்சுக்காக மூணாவது தடவையும். வகுப்பறையில் அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஆன்லைனில் அது அவசியமே இல்லை. ரெண்டு பக்க நோட்ஸை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கூடவே ஐந்தாறு நிமிஷத்தில் பாடத்தின் சாரத்தை மட்டும் குரல் பதிவாக அனுப்புங்கள். சொல்லி எழுத வைத்த நேரம் மிச்சம்!

பிறகு நேரடி வகுப்பை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்:

முதல் 5 நிமிஷம்: நலம் விசாரிப்பு. அட்டென்டன்ஸை சாட்டிலேயே போடச் சொல்லுங்கள். அறுபது பேரைக் கூப்பிட்டுத் தொண்டையைச் செலவழிக்காதீர்கள்.

அடுத்த 12 நிமிஷம்: பாடத்தின் கடினமான பகுதியை மட்டும் நீங்கள் விளக்குங்கள்.

அடுத்த 8 நிமிஷம்: ஒரு கணக்கோ, ஒரு கேள்வியோ கொடுத்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இந்த நேரத்தில் எழுந்து நில்லுங்கள், தண்ணீர் குடியுங்கள், ஜன்னல் பக்கம் போய் வெளியே பாருங்கள்.

அடுத்த 12 நிமிஷம்: மாணவர்கள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.

அடுத்த 8 நிமிஷம்: விட்டுப்போனதைச் சொல்லுங்கள்.

கடைசி 5 நிமிஷம்: சந்தேகம்.

கூட்டிப் பாருங்கள். 50 நிமிஷ வகுப்பில் தொடர்ந்து பேசுவது 20 நிமிஷம்தான். தொண்டைக்கு நடு நடுவே ஓய்வு, கண்ணுக்கு ஓய்வு, முதுகுக்கு ஓய்வு. பையன்களும் தூங்க மாட்டார்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. ஒரு மணி நேர வீடியோ வகுப்பு ஏறத்தாழ ஒரு ஜி.பி. டேட்டாவை விழுங்கலாம். தமிழ்நாடு அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் 2 ஜி.பி. டேட்டா இலவசமாகக் கொடுத்ததே... அது ரெண்டு வகுப்புக்கே சரியாகப் போயிருக்கும். நோட்ஸும் குரல் பதிவும் அதில் மிகச் சின்னப் பங்குதான். கிராமத்தில் சிக்னல் தேடி மொட்டை மாடி ஏறும் மாணவிக்கு அது பெரிய உதவி.

தொண்டைதான் முதலீடு!

பேசும்போது குரல் நாண்கள் ஒரு செகண்டுக்கு ஆண்களுக்கு 100 தடவைக்கு மேலும், பெண்களுக்கு ஏறக்குறைய 200 தடவையும் ஒன்றோடு ஒன்று மோதுகின்றன. கத்தினால் மோதலின் வேகம் இன்னும் கூடும். வருஷக்கணக்கில் இப்படியே போனால் நாணில் காய்ப்பு போலச் சின்ன முடிச்சுகள் வரலாம். ஆசிரியருக்குக் குரல் போனால் பிழைப்பே போச்சு!

ஆன்லைன் வகுப்பில்தான் மைக் இருக்கிறதே, ஏன் கத்துகிறோம்? ரெண்டு காதிலும் ஹெட்போன் மாட்டினால் நம் குரல் நமக்கே சரியாகக் கேட்காது. கேட்காததால் தன்னை அறியாமல் சத்தம் கூடும். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதன் தானாகவே குரலை உயர்த்துவான் என்று பிரெஞ்சு டாக்டர் லொம்பார்ட் 1911-லேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். ஆகவே...

* மைக்கை வாய்க்கு அருகில் வைத்து, எதிர் நாற்காலியில் இருப்பவரோடு பேசுகிற அளவில் பேசுங்கள். வீடு அமைதியாக இருந்தால் ஒரு காதைத் திறந்து வையுங்கள்.

* ஃபேன் காற்று நேராக முகத்தில் அடிக்க வேண்டாம். தொண்டை வறண்டுவிடும்.

* பக்கத்தில் தண்ணீர் வைத்து அடிக்கடி ஒரு வாய் குடியுங்கள். காபி, டீ அதற்கு ஈடாகாது.

* 'க்ஹும்... க்ஹும்...' என்று தொண்டையைச் செருமாதீர்கள். நாண்களை உரசிப் புண்ணாக்குகிற வேலை அது. அதற்குப் பதில் ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள்.

* குரல் கட்டியிருக்கும்போது கிசுகிசு என்று பேசினால் ஓய்வு என்று நினைக்கிறோம். தப்பு! அதுவும் நாண்களுக்குச் சிரமம்தான். பேசாமல் இருப்பதுதான் ஓய்வு.

* ராத்திரி லேட்டாகச் சாப்பிட்டு உடனே படுத்தால் வயிற்று அமிலம் தொண்டை வரை ஏறும். காலையில் குரல் கரகரக்கும். படுப்பதற்கு ரெண்டு, மூணு மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள்.

கண்ணும் கழுத்தும்

நிமிஷத்துக்குச் சுமார் 15 தடவை கண் சிமிட்டுகிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதியாகவோ, இன்னும் குறைவாகவோ ஆகிவிடுகிறது. கண் காய்வதும் எரிவதும் அதனால்தான். இதற்கு 20-20-20 என்று ஒரு விதி உண்டு: 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது, 20 செகண்ட் பாருங்கள். எதிர்வீட்டு வேப்பமரம் போதும்!

ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மாணவர்களுக்கு நீங்கள் இருட்டாகத் தெரிவீர்கள். லேப்டாப்புக்குப் பின்னால் இருந்தால் உங்களுக்குக் கண் கூசும். பக்கவாட்டில் இருப்பது நல்லது. நாற்பதைத் தாண்டி பைஃபோகல் கண்ணாடி போட்டிருப்பவர்கள் கீழ்ப்பகுதி வழியே திரையைப் பார்க்கத் தாடையைத் தூக்குவார்கள். கழுத்து வலிக்கு அதுவே போதும். கம்ப்யூட்டர் தூரத்துக்குத் தனிக் கண்ணாடி வேண்டுமா என்று கண் டாக்டரிடம் கேளுங்கள்.

நம் தலை சுமார் 5 கிலோ. தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பு தாங்கும் சுமை சுமார் 27 கிலோவுக்குச் சமம் என்று அமெரிக்க முதுகெலும்பு டாக்டர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் கணக்கிட்டார். ஒரு அரிசி மூட்டையைப் பிடரியில் ஏற்றியது போல! கட்டிலில் சாய்ந்துகொண்டு மடியில் லேப்டாப் வைத்து வகுப்பு எடுப்பது கூடாது. மேஜை மேல் நாலு தடிப் புத்தகங்களை அடுக்கி லேப்டாப்பை அதன் மேல் வையுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். தனி கீபோர்டு ஒன்று வாங்கிவிடுங்கள். பாதம் தரையில் படட்டும், எட்டாவிட்டால் ஒரு மணை போடுங்கள். இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள்.

நின்றுகொண்டு நடத்த முடிந்தால் இன்னும் நல்லது. 2020-ல் புனேயில் ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர், ஸ்டாண்ட் இல்லாததால் துணி மாட்டும் ஹேங்கரில் போனைக் கட்டித் தொங்கவிட்டு, கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்திய வீடியோ நாடு முழுக்கப் பரவியது. சிக்கனமான யோசனை மட்டுமல்ல, உடம்புக்கும் நல்ல யோசனை!

அடுத்தடுத்து வகுப்பா? நடுவில் 10 நிமிஷம் கட்டாயம் விடுங்கள். கல்லூரியில் ஸ்டாஃப் ரூமிலிருந்து வகுப்புக்கு நடந்தீர்கள், படி ஏறினீர்கள். வீட்டில் அது இல்லை. அந்த 10 நிமிஷம் நடப்பதற்கும், பாத்ரூம் போவதற்கும். வகுப்பு தடைபடுமே என்று தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரும் பெண்கள் நிறைய. நீர்க்கடுப்பும் தொற்றும் வர அதுதான் வழி. சர்க்கரை நோய்க்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் வகுப்புக்காகச் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடவே கூடாது.

கறுப்புக் கட்டங்களோடு ஒரு பேச்சு

உடம்பு வலியை விட இது பெரிய வலி. அறுபது கறுப்புக் கட்டங்கள். யாராவது இருக்கிறார்களா, இல்லையா? "புரிஞ்சுதா?" என்று கேட்டால் பதில் வராது. 'நான் நடத்துவது யாருக்கும் பிடிக்கவில்லையோ' என்ற நினைப்பு மெல்ல மனசை அரிக்கும்.

கேமராவை ஏன் அணைக்கிறார்கள் என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களையே கேட்டு 2021-ல் ஒரு ஆய்வு வெளியானது. தங்கள் தோற்றம் பற்றிய கூச்சம், பின்னால் வீட்டு மனிதர்களும் வீடும் தெரிவது, நெட் மெதுவாக இருப்பது... முக்கியமான காரணங்கள் இவை. உங்கள் மீது வெறுப்பு அல்ல! ஒரே அறையில் குடும்பமே இருக்கும் மாணவனுக்கு அந்தக் கறுப்புக் கட்டம்தான் மானம் காக்கும் திரை. அதை விலக்கச் சொல்லி அதட்டாதீர்கள்.

பதிலாக, "புரிஞ்சுதா?" என்பதை விட்டுவிட்டு, "இந்த ரெண்டு விடைல எது சரி? சாட்ல 1 அல்லது 2 போடுங்க" என்று கேளுங்கள். கடகடவென்று பதில் கொட்டும். நீங்கள் தனியாகப் பேசவில்லை என்பது உங்களுக்கே தெரியும். வகுப்புக்கு ரெண்டு பேர் என்று முறை வைத்து, விருப்பமுள்ளவர்களைப் பேசச் சொல்லலாம். சந்தேகம் கேட்க ராத்திரி 8 மணி வரை என்று ஒரு எல்லை வையுங்கள். அதற்குப் பிறகு போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை

'வீட்டில்தானே இருக்கிறாள்' என்ற நினைப்பு வேண்டாம். அவர் வேலையில் இருக்கிறார்! வகுப்பு நேரத்தில் மிக்ஸி, டி.வி. சத்தம் வேண்டாம். குக்கரை யாராவது இறக்குங்கள். வகுப்பு முடிந்ததும் உடனே பேச்சுக் கொடுக்காமல், ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்துக் கால் மணி நேரம் சும்மா விடுங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

* குரல் கம்மல் மூணு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது விழுங்கும்போது வலியோ, சளியில் ரத்தமோ இருந்தால் உடனே இ.என்.டி. டாக்டர்.

* கழுத்து வலி கையில் இறங்கி, விரல்கள் மரத்துப்போனாலோ, பிடிமானம் குறைந்தாலோ எலும்பு டாக்டர்.

* கண் சிவப்பு, மங்கல், அடிக்கடி தலைவலி என்றால் கண் டாக்டர்.

* ரெண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் தயங்காமல் மனநல டாக்டர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த ஆன்லைன் வகுப்புக்கு இந்த ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள்: நோட்ஸை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். மிச்சமாகிற நேரத்தில் பாதியை மாணவர்களுக்குக் கொடுங்கள், பாதியை உங்கள் தொண்டைக்குக் கொடுங்கள். ரிடையர் ஆகிற நாளில் நன்றியுரை சொல்லக் குரல் வேண்டுமே!