காற்று மாசை அளக்கும் குழாய்: அதன் எண்ணை எவ்வாறு படிப்பது?

திருவிடந்தை, கோவளம், மாமல்லபுரம் பகுதிகளிலிருந்து எங்களிடம் வரும் ஆஸ்துமா நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு: “கடலோரத்தில்தானே குடியிருக்கிறோம், காற்று தூய்மையாகத்தானே இருக்கும்?” இவ்வினாவுக்கு விடை காண உதவும் எளிய கருவிகளுள் ஒன்று, மின்சாரமும் பம்பும் இல்லாமலே மாசைச் சேகரிக்கும் சிறு குழாய். அது தரும் எண் பயனுள்ளது. ஆயினும், வீசும் காற்று அந்த எண்ணை எவ்வாறு மாற்றுகிறது என்று அறிந்த பின்னரே அதை நம்பி முடிவெடுக்க வேண்டும்.

அமெரிக்க அறிவியலாளர் பால்ம்ஸ் 1976ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய குழாய் இது. நீளம் ஏறத்தாழ 7 செ.மீ.; விட்டம் 1 செ.மீ.க்குச் சற்று மேல். மூடிய மேல்முனையில், வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவைப் பிடித்து வைக்கும் வேதிப்பொருள் தடவிய எஃகு வலை இருக்கும். கீழ்முனை திறந்திருக்கும். அடைத்த அறையின் ஒரு மூலையில் ஏற்றிய ஊதுவத்தியின் மணம் மெல்ல மறுமூலையை எட்டுவதுபோல, வாயு தானாகவே குழாயினுள் பரவி வலையை அடைகிறது. சில வாரங்கள் கழித்து, வலையில் சேர்ந்த அளவை ஆய்வகத்தில் கண்டறிந்து, அக்காலத்தின் சராசரியைக் கணக்கிடுகின்றனர்.

குழாயினுள் இருக்கும் காற்று அசைவற்று நிற்கிறது என்பதே இக்கணக்கின் அடிப்படை. கடற்கரையில் பலத்த காற்று குழாயின் வாயைக் கடந்து வீசும்போது, சிறு சுழல்கள் உள்ளே புகுகின்றன. அவை 1 செ.மீ. தூரம் புகுந்தால், வாயு கடக்க வேண்டிய 7 செ.மீ. பாதை 6 செ.மீ. ஆகிவிடுகிறது. மாசு கூடாமலே, அளவு மட்டும் ஏறத்தாழ 17 விழுக்காடு கூடுதலாகத் தெரியும். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. பணியாளர்கள் சட்டையில் அணியும் தட்டையான வில்லைகளில், காற்றோட்டமே இல்லாத அறையில், வில்லையின் முகப்பருகே உள்ள வாயு தீர்ந்துபோகிறது. புதிய காற்று வந்து அவ்விடத்தை நிரப்பாததால் அளவு குறைவாகத் தெரியும்.

இக்குறையை நீக்க வழிகள் உள்ளன. குழாயின் வாயில் நுண்வலையோ மென்சவ்வோ பொருத்துவது ஒன்று. தானியங்கி அளவீட்டு நிலையத்தின் அருகிலேயே சில குழாய்களைத் தொங்கவிட்டு, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தம் செய்வது மற்றொன்று. பிரிட்டனின் உள்ளாட்சி அமைப்புகள் இம்முறையைக் கையாள்கின்றன. பூச்சிக்கொல்லி எச்சங்களைச் சேகரிக்கும் நுரைப்பஞ்சு வட்டுகளை, ஒன்றின்மேல் ஒன்று கவிழ்ந்த இரு எஃகுக் கிண்ணங்களுக்குள் வைத்துக் காற்றின் வேகத்தைத் தணிக்கின்றனர். இந்தியக் கடற்கரை நெடுகிலும் நகரம், சிற்றூர், சதுப்பு நிலம் ஆகியவற்றின் காற்றை இத்தகைய முறையில் ஆராய்ந்த முடிவுகள் 2008இல் வெளியாயின. அப்பணியில் வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் பரங்கிப்பேட்டையின் கடலுயிரியல் ஆய்வாளர்களும் பங்கேற்றனர்.

காற்று கருவியை மட்டும் மாற்றுவதில்லை. மாசையும் சுமந்து செல்கிறது. திருவிடந்தைக்குக் கிழக்கே கடல். ஊரை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலை. மேற்கே பக்கிங்காம் கால்வாயும் அதற்கப்பால் பழைய மாமல்லபுரம் சாலையும். பகலில் கடற்காற்று வீசும்போது, கடற்கரைச் சாலையின் புகை அதன் மேற்கேயுள்ள வீடுகளை நோக்கிச் செல்லும். இரவில் நிலக்காற்று எழும்போது கிழக்கேயுள்ள வீடுகளை நோக்கித் திரும்பும். ஆகவே ஒரே ஊரில், சாலையின் இரு பக்கங்களிலும் வைத்த இரு குழாய்கள் இருவேறு எண்களைக் காட்டினால் வியப்பதற்கில்லை.

மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். குழாய் தருவது சராசரி மட்டுமே. எடுத்துக்காட்டாக, 27 நாள்கள் மாசு 20 ஆகவும் ஒரே ஒரு நாள் 160 ஆகவும் இருந்தால், 28 நாள் சராசரி 25 என்றே வரும். நோயாளியை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் அந்த ஒரு நாள்தான். மேலும், போகியன்று அதிகாலையில் காற்று அசையாமல் நிற்கையில் தெருவெங்கும் தேங்கும் புகைத் துகள்களை இக்குழாய் அளப்பதே இல்லை.

நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு இந்தியாவில் ஆண்டுச் சராசரி வரம்பு, ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவு 10 மட்டுமே. ஓர் எண்ணை இவற்றுடன் ஒப்பிடுமுன் குழாய் எங்கே, எத்தனை நாள், எவ்வளவு காற்று வீசும் இடத்தில் தொங்கியது என்றும், திருத்தம் செய்யப்பட்டதா என்றும் கேளுங்கள்.

எங்கள் வேண்டுகோள் இதுதான். எண் குறைவாக இருக்கிறது என்பதற்காக, நாள்தோறும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். எண் கூடுதலாக இருக்கிறது என்பதற்காக வீடு மாற்றவும் விரையாதீர்கள். மூச்சிரைப்பு வந்த நாள், நேரம், காற்று வீசிய திசை, அருகில் புகை இருந்ததா என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அடுத்த முறை வரும்போது அதை எடுத்து வாருங்கள். ஊரின் சராசரியைக் குழாய் சொல்லும். உங்கள் மூச்சுக்கு எந்த நேரம் ஆகவில்லை என்பதை அக்குறிப்பேடே எங்களுக்குக் காட்டும். மருந்தின் அளவை நாங்கள் அதைக் கொண்டே சீராக்க இயலும்.