மொழி மாறிய நிரலும் மறைந்து நின்ற பிழையும்

பொதிகை மலைக்கு இப்பால், நம் தாமிரபரணிக் கரையில், ‘வெள்ளம்’ என்றால் கரைபுரண்டு வரும் பெருக்கு. மலைக்கு அப்பால், மலையாளத்தில், ‘வெள்ளம்’ என்றால் குடிக்கும் தண்ணீர். சொல் ஒன்றே, பொருள்தான் வேறு. மொழிபெயர்ப்பவனை ஏமாற்றுவது பெரும்பாலும் தெரியாத சொல் அன்று, தெரிந்த சொல்லே. தெரியாத சொல்லைக் கண்டால் அவன் அகராதியைப் புரட்டுகிறான். தெரிந்த சொல்லைக் கண்டால் ஐயமின்றிக் கடந்து செல்கிறான்.

கணிப்பொறிக்கு எழுதப்பட்ட நிரலை ஒரு மொழியிலிருந்து வேறொரு மொழிக்கு மாற்றும்போதும் இதே ஆபத்து நேர்கிறது. அத்தகைய பிழை எப்படிப் பிறக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை, மாணவர்களுக்கு நான் பயிற்சியாகத் தரும் ஒரு சிறு கணக்கைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

தமிழ் ஆண்டுகள் பிரபவ முதல் அட்சய வரை 60 என்பதை நீங்கள் அறிவீர்கள். 1987ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரபவ ஆண்டு பிறந்தது. ஆகவே ஓர் ஆங்கில ஆண்டிலிருந்து 1987ஐக் கழித்து, வந்ததை 60ஆல் வகுத்து, மீதியைப் பார்த்தால் போதும். மீதி 0 என்றால் பிரபவ. 1 என்றால் விபவ. 59 என்றால் அட்சய. (சித்திரை பிறக்குமுன் வரும் மாதங்களுக்கு முந்தைய ஆண்டைக் கொள்ள வேண்டும்.) 2024ஐ எடுத்துக்கொண்டால் மீதி 37, பட்டியலில் 38ஆம் பெயர் குரோதி. கணக்குச் சரி.

இந்த நிரல் முதலில் பைத்தான் மொழியில் எழுதப்பட்டது என்று கொள்வோம். பின்னர் அதை ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு மாற்றுகிறோம். இரு மொழிகளிலும் மீதி காணும் குறி ஒன்றே. சதவீதக் குறியைத்தான் இரண்டும் வழங்குகின்றன. மாணவர்கள் தத்தம் பிறந்த ஆண்டுகளைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். எல்லாம் 1987க்குப் பிற்பட்டவை; எல்லாம் சரியாக வருகின்றன. வேலை முடிந்தது என்று மகிழ்கிறார்கள்.

இப்போது வ. உ. சிதம்பரனார் பிறந்த 1872ஐக் கொடுங்கள். பைத்தான் நிரல் ‘ஆங்கீரச’ என்று சரியாகச் சொல்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரலோ, அப்படி ஒரு பெயரே இல்லை என்ற பொருளில் வெற்று விடை ஒன்றைத் தருகிறது. எச்சரிக்கையும் இல்லை, ஓட்டமும் நிற்பதில்லை.

காரணம் என்ன? 1872லிருந்து 1987ஐக் கழித்தால் குறை 115. இதை 60ஆல் வகுக்க இரு வழிகள் உண்டு. ஈவு குறை 2 என்று கொண்டால் மீதி 5. ஈவு குறை 1 என்று கொண்டால் மீதி குறை 55. கணித நோக்கில் இரண்டும் பொருந்துவனவே. பைத்தான் முதல் வழியைக் கொள்கிறது. அங்கு மீதியின் குறி வகுக்கும் எண்ணைப் பின்பற்றும். ஜாவாஸ்கிரிப்ட் இரண்டாவதைக் கொள்கிறது. அங்கு மீதியின் குறி வகுபடும் எண்ணைப் பின்பற்றும். பட்டியலில் குறை 55ஆம் இடம் என்று ஒன்று இல்லை அல்லவா? வகுபடும் எண் குறை எண்ணாக இல்லாத வரையில் இரு மொழிகளும் ஒத்துப் போகின்றன. அதனால்தான் பிழை இத்தனை நேரம் ஒளிந்திருந்தது.

பிழையைத் தேடும் முறையையும் சொல்கிறேன். பழைய நிரலை எறிந்துவிடாதீர்கள். அதுவே உங்கள் உரைகல். ஒரே உள்ளீட்டை இரண்டுக்கும் கொடுத்து, இறுதி விடையை மட்டுமன்றி, இடையில் வரும் எண்களையும் அச்சிட்டு ஒப்பிடுங்கள். கழித்தலில் இரண்டும் குறை 115 என்கின்றன, அங்கு வேறுபாடில்லை. மீதியில் ஒன்று 5, மற்றொன்று குறை 55. முதன்முதலாக வழி பிரியும் இடமே பிழையின் இடம். நிரல் நீளமானால் நடுவில் ஓரிடத்தில் சோதித்து, பிழை முற்பாதியிலா பிற்பாதியிலா என்று அறிந்து, பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே வரலாம்.

திருத்தும்போதும் விழிப்பு வேண்டும். ஒருவர் மீதி காண்பதற்கு முன்பே 60ஐக் கூட்டிவிடுகிறார். 1986 சரியாகிறது, 1927 வரையும் சரியாகிறது. 1926க்கு வந்ததும் மீண்டும் பிழை! பாரதியார் பிறந்த 1882 சித்திரபானு ஆண்டு; அதற்கும் விடை இல்லை. முதலில் மீதி கண்டு, அதனுடன் 60ஐக் கூட்டி, மறுபடியும் மீதி காண்பதே முழுமையான திருத்தம்.

இவ்வகைப் பொறிகள் வேறும் உள. ‘திருநெல்வேலி’ என்ற சொல்லின் நீளம் என்ன? தமிழ் மாணவர் 6 எழுத்து என்பார். பைத்தானின் மூன்றாம் பதிப்பு 12 என்கிறது. தகரத்தையும் இகரக் குறியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. பழைய இரண்டாம் பதிப்போ, யு.டி.எஃப்.-8 முறையில் சேமித்த அதே சொல்லை, பைட்டுகளாக எண்ணி 36 என்றது. 7ஐ 2ஆல் வகுத்தால் பழைய பதிப்பில் 3, புதியதில் 3.5. பழைய பதிப்பின் ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் நாளுடன் முடிந்துவிட்டது. அம்மொழியில் இருந்த நிரல்களைப் புதியதற்கு மாற்றியவர்கள் இவற்றையெல்லாம் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

ஆண்டின் பெயர் தவறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி பெருக்கெடுத்ததை நாம் மறக்கவில்லை. மழையளவின் சராசரியையும், அணைக்கு வரும் நீரையும், திறந்துவிட வேண்டிய நீரையும் கணக்கிடும் நிரலில் ஒரு வகுத்தல் பின்னத்தை உதறிவிட்டால், அந்த எண்ணை நம்பி முடிவெடுப்பவர் என்ன செய்வார்? அலறும் பிழையை எவரும் காண்பர். அமைதியாகத் தவறான எண்ணைத் தரும் பிழையே கொடியது.

ஆகவே மாணவ நண்பர்களே, நிரலை மொழி மாற்றும்போது எளிய உள்ளீடுகளோடு நின்றுவிடாதீர்கள். பூஜ்யம், குறை எண், எல்லையின் இருபுறமும் உள்ள எண்கள், தமிழ்ச் சொற்கள் ஆகியவற்றைக் கொடுத்துப் பாருங்கள். கண்ட பிழை ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனையை எழுதி நிரலுடனேயே வையுங்கள். நாளை வேறொருவர் அதை மூன்றாவது மொழிக்கு மாற்றும்போது, 1872ஐயும் 1882ஐயும் அவர் கேட்க மறந்தாலும், உங்கள் சோதனை கேட்டுவிடும்.