காகிதச் சிற்றுருவங்களை வெக்டர் மென்பொருளில் வரைதல்

காகிதச் சிற்றுருவம் என்பது தடித்த தாளில் அச்சிட்டு, மடித்து, ஒட்டி, வெட்டி எடுத்து மேசைமேல் நிற்க வைக்கப்படும் சிறிய தட்டை உருவம் ஆகும். பலகை விளையாட்டுகளில் காய்களாகவும், வகுப்பறையில் கதை சொல்லவும், மாதிரி ஊர் அமைக்கவும் இது பயன்படுகிறது. கணினியில் வெக்டர் வரைகலை (திசையன் வரைகலை) மென்பொருள் கொண்டு வரைந்தால், ஓர் உருவத்தை ஒருமுறை வரைந்து வேண்டிய அளவிலும் எண்ணிக்கையிலும் அச்சிடலாம்.

இக்கட்டுரை ஆடுபுலி ஆட்டத்துக்கு வேண்டிய 15 ஆடுகளையும் 3 புலிகளையும் இன்க்ஸ்கேப் என்னும் கட்டற்ற மென்பொருளில் உருவாக்கும் முறையை விளக்குகிறது. திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் டி-சட்டை அச்சுக்கான படங்களைத் தயாரிப்பதும் இதே அடிப்படையில்தான். எனவே திருப்பூர், அவிநாசிபாளையம், காங்கேயம் வட்டார மாணவர்களுக்கு இது விளையாட்டாகவும் தொழில் அறிமுகமாகவும் அமையும்.

வரலாறு

தட்டையான உருவத்தை உயிருள்ளதாகக் கொண்டு கதை நடத்துவது தமிழகத்துக்குப் புதிதன்று. தோற்பாவைக்கூத்தில் ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவைகள் திரைக்குப் பின்னால் ஆட்டப்படுகின்றன. அங்கும் ஒரு பாத்திரத்தை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் அதன் வெளிக்கோடுதான்.

ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் ஸ்திராஸ்பூர்க் நகரில் காகிதப் போர்வீரர்கள் அச்சிடப்பட்டனர். 1913இல் எச். ஜி. வெல்சு எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ நூல் பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகளை வகுத்தது. 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்த பின், கதாபாத்திரங்களைக் குறிக்கும் சிற்றுருவங்களின் தேவை பெருகியது. ஈய உருவங்களுக்கு மலிவான மாற்றாக, 1980இல் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனம் ‘கார்ட்போர்டு ஹீரோஸ்’ என்னும் அட்டை உருவங்களை வெளியிட்டது. வீட்டுக்கு வீடு அச்சுப்பொறி வந்த பிறகு, உருவங்களைத் தாமே வரைந்து அச்சிடும் வழக்கம் உலகெங்கும் பரவியது.

வெக்டர் வரைகலை ஏன்?

ஒளிப்படம் போன்ற படங்கள் புள்ளிகளால் ஆனவை. அவற்றைப் பெரிதாக்கினால் ஓரங்கள் படிக்கட்டுப்போல் உடையும். வெக்டர் படத்தில் புள்ளிகள் சேமிக்கப்படுவதில்லை. ‘இங்கிருந்து இங்கு வரை இவ்வளவு வளைவு, உள்ளே இந்த நிறம்’ என்ற குறிப்புகளே சேமிக்கப்படுகின்றன. ஆகவே 30 மில்லிமீட்டர் ஆட்டையும் 3 மீட்டர் பதாகையையும் ஒரே கோப்பிலிருந்து தெளிவாக அச்சிடலாம்.

இந்த வளைவுகள் பெசியே வளைவுகள் எனப்படும். பிரான்சின் ரெனோ கார் நிறுவனப் பொறியாளர் பியர் பெசியே 1960களில் கார் உடல்களை வடிவமைக்க இவற்றைப் பயன்படுத்திப் பரவச் செய்தார். ஒவ்வொரு வளைவுக்கும் இரு முனைகளும், வளைவை இழுத்துப் பிடிக்கும் இரு கைப்பிடிகளும் உண்டு. கைப்பிடியை நகர்த்தினால் கோடு வளையும். கை நடுங்கினாலும் கோடு நடுங்காது. ‘எனக்குப் படம் வரைய வராது’ என்று சொல்லும் மாணவர்களுக்கு இது பெரிய துணை. இங்கே தேவைப்படுவது கையின் பழக்கத்தை விட, ஓர் உருவம் எந்தெந்த வடிவங்களால் ஆனது என்று பார்த்தறியும் கண்.

எஸ்விஜி என்பது வெக்டர் படங்களுக்கான திறந்த கோப்பு வகை. உலகளாவிய வலைச் சேர்த்தியம் இதனை 2001இல் தரமாக வெளியிட்டது. இன்க்ஸ்கேப் இக்கோப்பு வகையையே தன் அடிப்படையாகக் கொண்டது. 2003இல் சோடிபோடி என்னும் மென்பொருளிலிருந்து கிளைத்த இன்க்ஸ்கேப், விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் கட்டணமின்றி இயங்குகிறது. எனவே பள்ளிக் கணினியிலும் வீட்டுக் கணினியிலும் திருட்டுப் பிரதியை நாட வேண்டிய தேவை இல்லை.

அளவுத் திட்டம்

வரையத் தொடங்கும் முன் தாளில் கணக்குப் போடுவது நல்லது. ஏ4 தாளின் அளவு 210 × 297 மில்லிமீட்டர். நான்கு பக்கமும் 10 மில்லிமீட்டர் விட்டால் 190 × 277 எஞ்சும்.

ஓர் ஆட்டுக் காய்க்கு முன்பக்கம் 30, பின்பக்கம் 30, அடியில் ஊன்றி நிற்கும் மடிப்புகள் 12 + 12 என மொத்தம் 84 மில்லிமீட்டர் நீளமும், 35 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பட்டை வேண்டும். இடையில் 3 மில்லிமீட்டர் விட்டால் ஐந்து பட்டைகள் 187 மில்லிமீட்டர் அகலத்தில் அடங்கும். மூன்று வரிசைகள் 258 மில்லிமீட்டர் உயரத்தில் அடங்கும். ஆக 15 ஆடுகளும் ஒரே ஏ4 தாளில் வந்துவிடும். புலிகளை 45 மில்லிமீட்டர் அகலமும் 35 மில்லிமீட்டர் உயரமுமாகச் சற்றுப் பெரிதாக்கி இரண்டாம் தாளில் வைக்கலாம்.

துணி வீணாகாதபடி முன்கை, பின்கை, கழுத்துப் பகுதிகளை நெருக்கி அடுக்கும் கட்டிங் மாஸ்டர் செய்வதும் இதே கணக்குத்தான்.

வரையும் முறை

1. ஆவணப் பண்புகளில் தாளை ஏ4 என்றும், அலகை மில்லிமீட்டர் என்றும் அமைக்க வேண்டும்.

2. நான்கு அடுக்குகளை உருவாக்க வேண்டும். வழிகாட்டிக் கோடுகள், நிறம், வெளிக்கோடு, எழுத்து என அவற்றுக்குப் பெயரிடலாம். வேலை செய்யாத அடுக்குகளைப் பூட்டி வைத்தால் தவறுதலாக எதுவும் நகராது.

3. உடலுக்கு ஒரு நீள்வட்டம், தலைக்குச் சிறு நீள்வட்டம், கழுத்துக்குச் சரிந்த நாற்கரம், கால்களுக்கு ஒடுங்கிய செவ்வகங்கள் என எளிய வடிவங்களை அடுக்க வேண்டும். பின் அனைத்தையும் தேர்ந்து ‘ஒன்றாக்கு’ கட்டளை கொடுத்தால் ஒரே வெளிக்கோடு கிடைக்கும்.

4. முனைக் கருவியால் மூட்டுகளை மென்மையாக்க வேண்டும். முனைகள் குறைவாக இருந்தால் வளைவு அழகாக வரும். தேவையற்ற முனைகளை நீக்கிவிடலாம்.

5. கண், காது, குளம்பு ஆகியவற்றைத் தனி வடிவங்களாகச் சேர்க்க வேண்டும். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது அழகாகத் தெரியும் மயிரிழைகள் 30 மில்லிமீட்டர் உருவத்தில் காணாமல் போகும். 0.3 மில்லிமீட்டருக்குக் குறைந்த கோடுகளைத் தவிர்க்கலாம்.

6. உருவத்தின் நகல் ஒன்றை எடுத்து, ஒன்றாக்கி, ‘வெளிவிரி’ கட்டளையால் சுமார் 2 மில்லிமீட்டர் விரித்தால் வெட்டுக்கோடு கிடைக்கும். கால்களுக்கு இடைப்பட்ட இடத்தை வெட்டாமல் வெள்ளையாகவே விட வேண்டும். மெல்லிய கால்களைத் தனித்தனியே வெட்டினால் உருவம் மடங்கி விழும்.

பின்பக்கமும் மடிப்பும்

தொடக்கநிலையினர் அதிகம் தவறும் இடம் இதுவே. முன்பக்கத்துக்கு நேர் மேலே, தலைகீழாக, பின்பக்கம் அமைய வேண்டும். இதற்குப் படத்தை 180 பாகை சுழற்றக் கூடாது. மடிப்புக் கோட்டைக் கண்ணாடியாகக் கொண்டு மேல்கீழாகப் புரட்ட வேண்டும். இன்க்ஸ்கேப்பில் ‘வி’ விசை இதைச் செய்யும். சுழற்றினால் மடித்தபின் முன்பக்க ஆட்டின் தலைக்குப் பின்னால் பின்பக்க ஆட்டின் வால் வந்து நிற்கும், வெளிக்கோடுகள் பொருந்தா. புரட்டினால் தலைக்குத் தலை, காலுக்குக் கால் சரியாக ஒட்டும்.

எழுத்துக்கும் எண்ணுக்கும் விதி நேர்மாறானது. ஆடுகளுக்கு 1 முதல் 15 வரை எண்ணிடுவதானால், பின்பக்க அடி மடிப்பில் வரும் எண்ணை 180 பாகை சுழற்றியே வைக்க வேண்டும். புரட்டினால் அது கண்ணாடியில் தெரியும் எழுத்துப்போல் இடவலமாக மாறிவிடும்.

மனித உருவமானால் பின்பக்கத்தில் முகத்தை நீக்கி, தலைமுடியையும் முதுகையும் வரைந்தால் போதும். வெளிக்கோட்டை மட்டும் மாற்றக் கூடாது.

ஒன்றிலிருந்து பதினைந்து

சாதாரண நகல் மூலத்தோடு தொடர்பற்றது. ‘குளோன்’ எனப்படும் இணைநகல் மூலத்தோடு கட்டுண்டது. மூல ஆட்டின் காதை நீட்டினால் எல்லா இணைநகல்களிலும் காது நீளும். முன், பின், அடி மடிப்புகள் அனைத்தையும் ஒரு குழுவாக்கி, ‘அடுக்கு இணைநகல்’ வசதியில் 3 வரிசை, 5 நிரை எனக் கொடுத்தால் தாள் நிரம்பும். முதல் இணைநகல் மூலத்தின் மேலேயே அமரும் என்பதால், மூலத்தைத் தாளுக்கு வெளியே நகர்த்தி வைக்கலாம். எண்களை இதன் பிறகே எழுத்து அடுக்கில் சேர்க்க வேண்டும்.

எந்த ஆடு?

இணையத்தில் ஆட்டுப் படம் தேடினால், பஞ்சுப் பொதிபோல் கம்பளி மூடிய குளிர்நாட்டுச் செம்மறியே முதலில் வரும். காங்கேயம் வட்டாரக் கொரங்காடுகளில் மேயும் மேச்சேரிச் செம்மறிக்கு அத்தகைய கம்பளி இல்லை, கொம்பும் இல்லை, உடல் வெளிர் பழுப்பு நிறமுடையது. வரைவதற்கும் இதுவே எளிது. தெருவில் போகும் ஆட்டை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வரைந்த காய், பதிவிறக்கிய படத்தை விட அந்த ஊர்ப் பிள்ளைக்கு நெருக்கமானது.

இதில் உரிமைச் சிக்கலும் அடங்கியுள்ளது. திரைப்பட, கேலிச்சித்திரப் பாத்திரங்கள் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் பாதுகாப்பில் வரக்கூடியவை. அவற்றை நகலெடுத்து விற்பது குற்றமாகலாம். தாமே வரைந்த ஆட்டுக்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அச்சிடுதலும் ஒட்டுதலும்

கோப்பை பிடிஎஃப் ஆகச் சேமித்து அச்சகத்துக்கோ ஜெராக்ஸ் கடைக்கோ கொண்டு செல்லலாம். தமிழ் எழுத்துகளை முன்னதாகப் ‘பாதை’யாக மாற்றிவிட்டால், எழுத்துரு இல்லாத கணினியிலும் அவை சிதையா. ஆனால் பாதையான எழுத்தைப் பின்னர் தட்டச்சால் திருத்த முடியாது. ஆகையால் மூல எஸ்விஜி கோப்பைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

அச்சிடும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தெரிவை நீக்கி, 100 விழுக்காடு என அமைக்க வேண்டும். தாளின் ஓரத்தில் 50 மில்லிமீட்டர் கோடு ஒன்றை வரைந்து வைத்தால், அச்சான பின் அளவுகோலால் சரிபார்க்கலாம்.

தாளின் தடிமன் ஜிஎஸ்எம் என்னும் அலகால் சொல்லப்படுகிறது. ஒரு சதுர மீட்டரின் எடை எத்தனை கிராம் என்பதே இதன் பொருள். பின்னலாடைத் துணிக்கும் இதே அலகுதான். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் 16இல் ஒரு பங்கு என்பதால், 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம் இருக்கும். சிற்றுருவத்துக்கு 170 முதல் 250 ஜிஎஸ்எம் வரையுள்ள அட்டைத்தாள் ஏற்றது.

மடிப்புக் கோட்டின் மேல் அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி இழுத்தால் மடிப்பு நேராக விழும். பசையை மெல்லியதாகத் தடவ வேண்டும். நீர்ப்பசை மிகுந்தால் தாள் ஊறி நெளியும். இங்க்ஜெட் மை கரையவும் கூடும். இரு பக்கங்களையும் ஒட்டிக் காய்ந்த பிறகே வெட்ட வேண்டும். அடி மடிப்புகளை முன்னும் பின்னும் விரித்து, பனியன் பெட்டி அட்டைத் துண்டின் மேல் ஒட்டினால் காய் சாயாது.

ஆடுபுலி ஆட்டக் கட்டத்தில் 23 சந்திகள் உண்டு. உச்சிக்கு அருகில் கோடுகள் நெருங்குவதால், இக்காய்களுக்கு ஏ4 தாளில் வரைந்த கட்டம் போதாது. பெரிய சார்ட் தாளிலோ, தரையில் சுண்ணக்கட்டியாலோ வரைந்துகொள்ளலாம்.

பின்னலாடை அச்சுத் தொழிலோடு தொடர்பு

டி-சட்டையில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனி ஸ்கிரீன் தேவை. நான்கு நிறப் படத்துக்கு நான்கு ஸ்கிரீன்கள். நிறம் கூடினால் செலவும் கூடும். எனவே படத்தை நிறவாரியாகப் பிரிப்பது அங்கே அடிப்படைத் திறன். சிற்றுருவத்தை நான்கே நிறங்களில், நிறத்துக்கு ஓர் அடுக்கு என வரைந்து பழகும் மாணவர் இதையே கற்கிறார்.

ஸ்கிரீன் இம்மியளவு விலகினாலும் இரு நிறங்களுக்கிடையே துணியின் வெள்ளை தெரியும். இதைத் தவிர்க்க ஒரு நிறத்தை அடுத்ததன் அடியில் சிறிது நீட்டி வரைவர். சிற்றுருவத்தில் நிறத்தை வெளிக்கோட்டின் அடிவரை நீட்டுவதும் இதே முறைதான். அச்சுக்கூடங்களில் கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர் போன்ற கட்டண மென்பொருள்கள் பரவலாக உள்ளன. எனினும் முனை, கைப்பிடி, அடுக்கு, ஒன்றாக்கல் ஆகிய கருத்துகள் எல்லாவற்றிலும் ஒன்றே. ஒன்றில் பழகியவர் மற்றொன்றுக்கு விரைவில் மாறலாம்.

பகிர்தல்

முடிந்த படத்தைப் படைப்பாக்கப் பொதும உரிமத்தின் கீழ் விக்கிமீடியா பொதுவகத்தில் எஸ்விஜி கோப்பாகவே பதிவேற்றலாம். அவ்வாறு செய்தால் வேறோர் ஊர் மாணவர் அதே ஆட்டை எடுத்து, கொம்பு சேர்த்து வெள்ளாடாக்கவும், நிறம் மாற்றித் தம் ஊர் ஆடாக்கவும் முடியும்.