எல்லாமே வயசுக் கோளாறு இல்லை!

"என்னங்க, பேப்பர் எழுத்தெல்லாம் கலங்கலாத் தெரியுது..." என்பார் மனைவி.

"உனக்கும் அறுபது ஆகப் போகுதே... கண்ணாடியை மாத்திட்டா சரியாயிடும்" என்பார் கணவர். பல வீடுகளில் பேச்சு இதோடு முடிந்துவிடும்.

அந்த அம்மா மார்பகப் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்துக் கொண்டவராக இருந்தால் மட்டும், இதோடு முடிக்கக் கூடாது!

நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வருவதும், அறுபதை ஒட்டி புரை விழுவதும் சகஜம்தான். ஆனால், புற்றுநோய்க்கான சில மருந்துகள் புரையைச் சீக்கிரமே வரவழைத்து விடலாம். வேறு சில மருந்துகளால் வரும் கோளாறு, பார்த்தால் வயசுக் கோளாறு மாதிரியே இருக்கும்.

ஸ்டீராய்டு என்ன செய்யும்?

கீமோதெரபியின்போது வாந்தி, அலர்ஜி வராமலிருக்க ஸ்டீராய்டு கொடுப்பதுண்டு. சில வகை ரத்தப் புற்றுநோய்க்கு அதுவே சிகிச்சையின் ஒரு பகுதி. சில நாட்கள் மட்டும் சாப்பிட்டால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். மாதக்கணக்கில் தொடர்ந்தால், கண்ணில் உள்ள லென்ஸின் பின்புறம் புரை விழலாம். வெயிலில் கண் கூசும். ராத்திரியில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு சிதறித் தெரியும். படிக்கவும் சிரமமாக இருக்கும். கண்ணின் உள் அழுத்தமும் கூடலாம். இதற்குப் பெரும்பாலும் வலி, எரிச்சல் எதுவும் இருக்காது. பரிசோதித்தால்தான் தெரியும்.

ஸ்டீராய்டு சர்க்கரையையும் ஏற்றி இறக்கும். அதனாலும் பார்வை சில வாரங்கள் மங்கலாம். அந்தச் சமயத்தில் அவசரப்பட்டு புதுக் கண்ணாடி போட்டால், பிறகு அது பொருந்தாமல் போய்விடும். பணம்தான் தண்டம்!

மாத்திரையை நிறுத்தலாமா?

மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்கப் பலருக்கு டமாக்ஸிஃபென் மாத்திரை தருகிறார்கள். தினம் 20 மில்லிகிராம் வீதம் 5 வருடம், சிலருக்கு 10 வருடம் கூட. அபூர்வமாகச் சிலருக்கு இது விழித்திரையில் நுண்ணிய துகள்களாகப் படிந்து, பார்வையின் நடுப்பகுதியைப் பாதிக்கலாம். அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள்! உயிரைக் காக்கும் மருந்து அது. கண் டாக்டரும் புற்றுநோய் டாக்டரும் கலந்து பேசி முடிவெடுக்கட்டும்.

டோசிடாக்ஸெல் ஊசி போட்டுக் கொள்பவர்களுக்குக் கண்ணில் ஓயாமல் நீர் வழிந்தால், கண்ணீர் வடியும் குழாய் சுருங்கிக் கொண்டிருக்கலாம். ஆரம்பத்திலேயே சொன்னால் சரிசெய்வது சுலபம்.

ரேடியேஷன் எல்லோருக்குமே கண்ணைப் பாதிக்குமா? இல்லை. தலை, முகம், கண்ணை ஒட்டிய பகுதிகளிலோ, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு முன் உடல் முழுவதுமோ கொடுத்தால்தான் புரை பயம். அதுவும் சில வருடங்கள் கழித்துக்கூட வரலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை

வாரம் ஒருமுறை, படிக்கும் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு, ஒரு கண்ணைப் பொத்தி, மறு கண்ணால் கட்டம் போட்ட நோட்டுத்தாளைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். கோடு வளைந்து தெரிந்தாலோ, நடுவே கறுப்பாக இருந்தாலோ உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும். திடீரென்று பார்வை போவது, மின்னல் வெட்டுவது, திரை விழுந்தாற்போல் மறைப்பது, பொருள் இரண்டாகத் தெரிவது, வலியோடு கண் சிவப்பது... இதற்கெல்லாம் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்ற பேச்சே கூடாது.

புரைதான் என்றாலும் பயம் வேண்டாம். புற்றுநோய் வந்தவர்களுக்கும் ஆபரேஷன் செய்து லென்ஸ் வைக்கலாம். கீமோ நடக்கும்போது ரத்த அணுக்கள் குறைந்திருக்கக்கூடும் என்பதால், தேதியை மட்டும் இரண்டு டாக்டர்களையும் கேட்டுக் குறியுங்கள்.

கண் டாக்டரிடம் போகும்போது பழைய கண்ணாடிச் சீட்டோடு புற்றுநோய் சிகிச்சை ஃபைலையும் எடுத்துப் போங்கள். "அது அஞ்சு வருஷத்துக்கு முந்தின கதையாச்சே" என்று நினைத்து மறைக்காதீர்கள். கண்ணில் இருப்பது வயசா, மருந்தா என்று டாக்டர் கண்டுபிடிக்க அந்த ஃபைல்தான் உதவும்.